ப்ரோப் எத்தனை மணி நேரம் உங்கள் கையில்?

சென்ற இதழில் ஸ்கேன் அறைக்குள் என்ன நடக்கிறது என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் நோயைப் பற்றிய சந்தேகங்கள் குறைவு. "நானும் இந்த வேலைக்கு வரலாமா?" என்று கேட்டவர்களே அதிகம். 24 வருடமாக ப்ரோப் பிடிக்கிறேன்; அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் உடம்பின் மேல் வைத்து நகர்த்தும் கைக்கருவிதான் ப்ரோப். கடைசி ஒன்பது வருடம் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தும் வருகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

"மேடம், எனக்கு உயிரியல் நன்றாக வரும். இயற்பியல் என்றால் பயம். அல்ட்ராசவுண்ட் படிப்பில் சேரலாமா? எத்தனை வருடம் படிக்க வேண்டும்?"
– பள்ளி இறுதி வகுப்பு மாணவி

பள்ளி மாணவி என்பதால் "நீ" என்றே எழுதுகிறேனம்மா. இயற்பியலிடமிருந்து தப்ப முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஏ.ஆர்.டி.எம்.எஸ். என்ற பதிவு அமைப்பு நடத்தும் தேர்வுகளில், வயிறு, இதயம், ரத்தக்குழாய் என்று எந்தப் பிரிவை எடுத்தாலும், ஒலியின் இயற்பியலுக்கும் கருவிக்கும் தனியாக ஒரு தேர்வு எழுதித் தேற வேண்டும். என்னிடம் வரும் பிள்ளைகள் அதிகம் புலம்புவது அந்தப் பாடத்தைப் பற்றித்தான்.

ஆனால் அது நீ நினைக்கிற அளவுக்குப் பூதம் இல்லை. ப்ரோபின் முனையில் வரிசையாகச் சின்னச் சின்னத் துண்டுகள் இருக்கின்றன. மின்சாரம் பட்டால் அவை அதிரும். அதிர்வு பட்டால் மின்சாரம் தரும். இந்தக் குணத்தைச் சில படிகங்களில் 1880-இல் கண்டுசொன்னவர்கள் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும். அந்த அதிர்வு ஒலியாக உடம்புக்குள் போகிறது, உறுப்புகளின் ஓரங்களில் மோதி எதிரொலியாகத் திரும்புகிறது. உடம்புக்குள் ஒலி நொடிக்கு 1,540 மீட்டர் போகும் என்று இயந்திரம் வைத்துக்கொள்ளும். எதிரொலி வர எவ்வளவு நேரமானதோ அதை வைத்து ஆழத்தைக் கணக்குப் போடும். ஒரு சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்ப சுமார் 13 மைக்ரோ நொடி. கிணற்றடியில் நின்று குரல் கொடுத்து ஆழம் பார்க்கிற குழந்தைக்கும் இதே கணக்குதான்.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் வரிசையாகப் புரியும். ஜெல் எதற்கு? ப்ரோபுக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிய காற்று இருந்தாலே ஒலி கிட்டத்தட்ட முழுவதும் அங்கேயே திரும்பிவிடும். கழுத்துக்கு ஒரு ப்ரோப், வயிற்றுக்கு இன்னொரு ப்ரோப் ஏன்? அதிர்வெண் கூடினால் படம் நுணுக்கமாகும், ஆனால் ஆழம் போகாது. தைராய்டுக்கு 7 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரை வைத்துக்கொள்ளலாம். பருத்த உடம்புக்காரரின் கல்லீரலுக்கு 2, 3 என்று இறங்கினால்தான் அடி வரை தெரியும்.

அடுத்து, படிக்கும் வழி. உலகம் முழுக்கப் பார்த்தால் இரண்டு பாதைகள். பள்ளி முடித்ததும் சோனோகிராபிக்கென்றே (அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கும் தொழில்; அதைச் செய்பவர் சோனோகிராபர்) இருக்கும் டிப்ளமோ அல்லது பட்டப்படிப்பில் நேரடியாகச் சேர்வது ஒன்று. இரண்டு முதல் நான்கு வருடம் ஆகும். ரேடியோகிராபி (எக்ஸ்ரே படம் எடுப்பது) போன்ற வேறொரு மருத்துவத் துறையில் பட்டம் வாங்கி, அதற்குமேல் அல்ட்ராசவுண்ட் படிப்பது இன்னொன்று. பிரிட்டனில் நெடுங்காலமாக இரண்டாவதுதான் வழக்கம். அண்மைக் காலத்தில்தான் நேரடிப் பட்டமும் வந்தது.

எங்கே சேர்ந்தாலும் கல்லூரிக்காரர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: "படிப்பு முடிவதற்குள் நிஜமான நோயாளிகள் மேல், யாராவது பக்கத்தில் நின்று திருத்த, ப்ரோப் எத்தனை மணி நேரம் என் கையில் இருக்கும்?" கட்டடம், ஏ.சி. வகுப்பு, விடுதி, எல்லாம் அப்புறம். இதற்கு மணிக்கணக்கில் பதில் சொல்லாமல் "அதெல்லாம் நல்லா பிராக்டிக்கல் இருக்கும்" என்று மழுப்பினால் எழுந்து வந்துவிடு.

"ஆறே மாதத்தில் ஸ்கேன் டெக்னீஷியன், படித்ததும் வேலை என்று விளம்பரம் பார்த்தோம். மகனைச் சேர்க்கலாமா?"
– ஒரு தந்தை

ஐயா, பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள். உங்கள் மகன் எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறாரோ, அங்கே ப்ரோப் பிடிக்கச் சட்டம் யாரை அனுமதிக்கிறது என்று முதலில் பாருங்கள். இது நாட்டுக்கு நாடு அடியோடு மாறும்.

இந்தியாவில் 1994-ஆம் வருடத்து பி.சி.பி.என்.டி.டி. சட்டம் இருக்கிறது. சிசுவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்க வந்த சட்டம். ஸ்கேன் இயந்திரங்கள் எல்லாம் பதிவாகியிருக்க வேண்டும். கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்பவர் உரிய தகுதி பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். மீறினால் முதல் முறையே மூன்று வருடம் வரை சிறை உண்டு. ஆறு மாதச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஒருவர் தனியாகக் கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுப்பது அங்கே நடக்காது. அங்கே டெக்னீஷியனாக வர விரும்புகிறவர்கள் ரேடியோகிராபி – இமேஜிங் பட்டம் படித்து எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம் சேர்த்துக் கற்றுக்கொள்வார்கள். இதயத் தொழில்நுட்பப் பட்டப்படிப்பிலும் எக்கோ, அதாவது இதய அல்ட்ராசவுண்ட், ஒரு முக்கியப் பாடம்.

ஆஸ்திரேலியாவில் சோனோகிராபர்தான் ஸ்கேன் எடுக்கிறார். ஆனால் அதற்கென்று உள்ள அங்கீகாரப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும். படிக்கும் மாணவர்கூட மாணவராகப் பதிய வேண்டும். அமெரிக்காவில் மாநிலச் சட்டம் பெரும்பாலும் கேட்காவிட்டாலும், பதிவுத் தேர்வு எழுதாதவரை மருத்துவமனைகள் அனேகமாகச் சேர்க்காது. பிரிட்டனில் ஒரு வேடிக்கை: "சோனோகிராபர்" என்ற பெயருக்கே அங்கே சட்டப் பாதுகாப்பு கிடையாது. ஆனாலும் மருத்துவமனைகள் அங்கீகரிக்கப்பட்ட படிப்பைத்தான் கேட்கும், அங்கே ரிப்போர்ட் எழுதுவதே சோனோகிராபர்தான்.

நான் முதன்முதலில் சேர்ந்த ஒரு பயிற்சி நிலையத்தில் ஸ்கேன் இயந்திரம் கண்ணாடி அறைக்குள் இருந்தது. நாங்கள் 18 பேர் வெளியே நின்று பார்த்தோம். மூன்று மாதத்தில் நான் ப்ரோபைத் தொட்டது இரண்டு தடவை, அதில் ஒரு தடவை துடைப்பதற்காக. அந்தச் சான்றிதழ் இன்னும் வீட்டில் இருக்கிறது, ஒரு தடவையும் பயன்பட்டதில்லை.

"ஆறு வருடமாக எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருக்கிறேன். அல்ட்ராசவுண்டுக்கு மாறினால் எவ்வளவு சீக்கிரம் பழகிவிடலாம்?"

உடற்கூறு தெரியும், நோயாளியைப் பேசிப் படுக்கவைக்கத் தெரியும், இரவுப் பணி தெரியும். பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். மீதிப் பாதிதான் ஆழம்.

எக்ஸ்ரேயில் ஆளைச் சரியாக நிறுத்தி, மூச்சைப் பிடிக்கச் சொல்லிப் பட்டனை அழுத்தினால் நெஞ்சு முழுவதும் படத்தில் வந்துவிடும். நீங்கள் கவனிக்காத ஒன்றை டாக்டர் பிறகு அதே படத்தில் பார்த்துக்கொள்வார். அல்ட்ராசவுண்டில் அப்படி இல்லை. நீங்கள் கையைக் கொண்டுபோகாத இடம் படத்திலேயே இருக்காது. நீங்கள் தேடாததை டாக்டரும் பார்க்க முடியாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பயிற்சி தொடங்கி எட்டு மாதம், எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பு. ஒருவருக்கு வயிற்று ஸ்கேன். பித்தப்பை நன்றாக நிரம்பி, கறுப்பாக, பேரிக்காய் மாதிரி இருந்தது; வெறும் வயிற்றில் வந்திருந்தார், சாப்பிட்டிருந்தால் பை சுருங்கியிருக்கும். உள்ளே சுவரை ஒட்டி ஐந்து மில்லிமீட்டரில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஃப்ரீஸ் செய்து, அளந்து, "கல்" என்று குறித்துவிட்டேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பின்னால் நின்று பார்த்தார். "நிழல் எங்கே?" என்றார். கல் இருந்தால் ஒலி அதைத் தாண்டாது. அதற்குக் கீழே கறுப்பாகக் கோடு இழுத்த மாதிரி நிழல் விழ வேண்டும். விழவில்லை. "ஆளைத் திருப்பிப் பார்த்தாயா?" என்றார். பார்க்கவில்லை. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னோம். கல் என்றால் உருண்டு பள்ளத்துக்குப் போகும். இது இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கல் இல்லை, பாலிப் – சுவரிலிருந்து முளைத்த சின்னச் சதை. ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழித்திருக்காவிட்டால் ரிப்போர்ட்டே வேறு.

இப்படிச் சின்னச் சின்ன "திருப்பிப் பார்த்தாயா"க்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. மூச்சை இழுக்கச் சொன்னால் கல்லீரல் விலாவுக்குக் கீழே இறங்கிவரும். கணையத்தை வாயு மறைத்தால், ப்ரோபை மெல்ல அழுத்திப் பிடித்து வாயு விலகும் வரை காத்திருக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அதுவே கருப்பைக்கு ஜன்னல். இவை புத்தகத்தில் இருக்கின்றன, ஆனால் கைக்கு வர நோயாளிகள் வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்கு ஒன்றரை, இரண்டு வருடம் முறையான பயிற்சி பிடிக்கும். யாரையும் கூப்பிடாமல் நிம்மதியாக ஸ்கேன் எடுக்க அதற்கு மேலும் ஒரு வருடம் ஆனது, எனக்கு.

இன்னொன்று. கருவியின் குமிழ்களோடு சண்டை போடுங்கள். ஆழம், கெயின் (எதிரொலியைக் கூட்டிப் படத்தை வெளிச்சமாக்குவது), ஃபோகஸ் மூன்றையும் திரையைப் பார்த்துக்கொண்டே இடது கை தானாகத் தேடிப் பிடிக்க வேண்டும். கெயினைக் கூட்டிவைத்துவிட்டு நீர்க்கட்டிக்குள் இல்லாத அழுக்கைப் பார்ப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

"எந்தப் பிரிவுக்கு மதிப்பு அதிகம்? ஏ.ஐ. வந்து இந்த வேலையைச் சாப்பிட்டுவிடாதா?"
– ஐ.டி.யில் இருந்து மாற நினைக்கும் இளைஞர்

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது.

ஏ.ஐ. ஏற்கெனவே வந்தாயிற்று, இனிமேல்தான் வரவேண்டும் என்பதில்லை. சிசுவின் தலைச் சுற்றளவை நான் கோடு போடுவதற்கு முன்பே இயந்திரம் போட்டுவிடுகிறது; நான் கொஞ்சம் நகர்த்திச் சரிசெய்கிறேன். "இப்படித் திருப்பு, கொஞ்சம் சாய்" என்று வழிகாட்டி, அனுபவமில்லாதவர் கையாலும் இதயப் படம் எடுக்கவைக்கும் மென்பொருளுக்கு 2020-லேயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்துவிட்டது. செல்போனில் செருகும் ப்ரோபை வைத்து அவசரப் பிரிவு டாக்டரே வயிற்றில் நீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார். அதனால் "இருக்கிறதா, இல்லையா" என்ற சுலபக் கேள்விகள் நம்மைவிட்டு நகரும். சிக்கலானவை நம்மிடம் வரும். கடினமானதைக் கற்றவருக்கு வேலை இருக்கும் என்றே நினைக்கிறேன்.

கடினமானது என்றால்? எக்கோ முதலில். இதயம் நிற்காது, காத்திருக்காது. விலா எலும்புகளின் இடுக்கில்தான் ஜன்னல். 1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லரும் ஹெர்ட்ஸும் தொடங்கிவைத்த துறை, இன்று தனி வேலை வாய்ப்பாக நிற்கிறது. அடுத்தது ரத்தக்குழாய் டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன். காலில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதை மட்டும் சொல்கிறேன், அழகான சோதனை அது. தொடையில் சிரையும் தமனியும் குறுக்குவெட்டில் இரண்டு கறுப்பு வட்டங்களாகத் தெரியும். ப்ரோபால் மெல்ல அழுத்தினால் நல்ல சிரை கண் சிமிட்டுவது போல மூடித் திறக்கும். தமனி துடித்துக்கொண்டே நிற்கும். சிரை மூடவில்லை என்றால் உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. தொடையிலிருந்து முழங்காலுக்குப் பின்புறம் வரை ஒவ்வொரு அங்குலமாகச் சிமிட்ட வைத்துக்கொண்டே போக வேண்டும். (டாப்ளரில் சிவப்பு என்றால் தமனி, நீலம் என்றால் சிரை என்று நினைக்காதீர்கள். ப்ரோபை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதைத்தான் நிறம் சொல்கிறது. நேர்முகத் தேர்வில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி, பாதிப் பேர் விழுவார்கள்.)

மகப்பேறு ஸ்கேனுக்கு எப்போதும் ஆள் தேவை. தசை, மூட்டு ஸ்கேன் வளர்ந்துவரும் பிரிவு. இரண்டு பிரிவில் பதிவு வைத்திருப்பவருக்கு ஒரு பிரிவு மட்டும் வைத்திருப்பவரைவிடக் கதவுகள் அதிகம் திறக்கும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணிப்புகளில் இந்த வேலை சராசரியைவிட வேகமாக வளரும் பட்டியலில் இருந்துவருகிறது. பிரிட்டனில் ஆள் பற்றாக்குறை பல வருடப் புகார். ஆனால் வேலைக்கு ஆள் தேவைப்படும் நாடுகளில்கூடப் பயிற்சிக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, பக்கத்தில் நின்று திருத்த மூத்தவர்கள் வேண்டுமே. படிப்பில் இடம் கிடைத்ததும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், மருத்துவமனைப் பயிற்சிக்கான இடம் உறுதியா என்று கேளுங்கள்.

"ஸ்கேன் அறையில் கதிர்வீச்சு உண்டா? கர்ப்பமாக இருக்கும்போது வேலை பார்க்கலாமா?"

கதிர்வீச்சு இல்லை, ஒலிதான். பார்க்கலாம். முதுகுதான் வலிக்கும். நோயாளியின் பக்கம் கவனம் தேவை: திரையின் மூலையில் டி.ஐ., எம்.ஐ. என்று இரண்டு எண்கள் ஓடும், வெப்பத்துக்கு ஒன்று, அதிர்வின் தாக்கத்துக்கு ஒன்று. தேவையான படத்துக்கு எவ்வளவு குறைவாகப் போதுமோ அவ்வளவுதான் வைக்க வேண்டும். ஆரம்ப வாரக் கருவின் மேல் சும்மா டாப்ளரை ஓட விடக் கூடாது.

"கெட்ட செய்தி தெரிந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வீர்கள்? எனக்கு அதுதான் பயம்."
– பயிற்சியில் இருக்கும் மாணவி

இந்தக் கேள்வியைப் பாடத்திட்டத்தில் முதலில் வைக்க வேண்டும்.

எனக்கு மூன்றாவது வருடம். கரு ஒன்பது வாரம் இருக்க வேண்டிய ஒரு பெண். அளந்தால் ஏழு வாரத்து அளவுதான் இருந்தது, துடிப்பு இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும் அதிகாரமும் எனக்குக் கிடையாது. திரையை மட்டும் மெதுவாக என் பக்கம் திருப்பிக்கொண்டு, இன்னொரு முறை அளந்தேன். டாக்டர் வந்து பார்த்து, அவரிடம் சொன்னார். வெளியே போகும்போது அந்தப் பெண் என்னிடம், "நீங்கள் திரையைத் திருப்பினபோதே எனக்குத் தெரிந்துவிட்டது" என்றார். நான் மௌனமாக இருந்ததாக நினைத்திருந்தேன். என் கை பேசியிருக்கிறது.

அதன்பிறகு எல்லோருக்கும், ஸ்கேன் தொடங்கும்போதே, நல்லதோ கெட்டதோ தெரிவதற்கு முன்னால், ஒரே வசனத்தைச் சொல்கிறேன்: "முதலில் கொஞ்ச நேரம் திரை என் பக்கம் இருக்கும், நான் பேசமாட்டேன், அளந்துகொண்டிருப்பேன். அப்புறம் உங்களுக்குக் காட்டுகிறேன்." எல்லோருக்கும் ஒரே மாதிரி என்பதால் திரை திரும்பினாலும் அதற்கு அர்த்தம் இல்லை. பிரிட்டன் போன்ற இடங்களில் சோனோகிராபரே நேரடியாகச் சொல்ல வேண்டும். அங்கே அதற்கென்று பயிற்சியும் உண்டு. சொல்லும் அதிகாரம் இல்லாத இடத்தில் பொய் மட்டும் சொல்லாதே. "எல்லாம் நல்லா இருக்கு" என்று ஆறுதலுக்குச் சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். "டாக்டரும் ஒரு தடவை பார்க்க வேண்டும், இப்போதே கூப்பிடுகிறேன்" என்றால் போதும். அவர் வரும்வரை அறையை விட்டுப் போகாதே.

"நான்கு வருட அனுபவம். வலது தோள் வலி தாங்க முடியவில்லை. வேலையை விட்டுவிடலாமா?"

விடாதீர்கள், ஆனால் இப்படியே தொடரவும் கூடாது. பல நாடுகளில் எடுத்த கணக்கெடுப்புகளில் சோனோகிராபர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வலியோடுதான் வேலை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் எட்டாவது வருடத்தில் தலை வாரக் கை தூக்க முடியாமல் போனது. அப்போது இருந்த இடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்று கணக்கே இல்லை, நாற்காலியை ஏற்றி இறக்கவும் முடியாது. வலி என்றால் "எல்லாருக்கும்தான் இருக்கு" என்பார்கள்.

நோயாளியைக் கட்டிலின் ஓரத்துக்கு, உங்கள் பக்கம் நகர்ந்து படுக்கச் சொல்லுங்கள். பலர் கூச்சப்பட்டு இதைச் சொல்லாமல், கையை எட்டி நீட்டியே வருடங்களை ஓட்டுகிறார்கள். மேல்கை உடம்பிலிருந்து 30 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது. முழங்கைக்கு அடியில் ஒரு சுருட்டிய துண்டு. ப்ரோபின் ஒயரைக் கழுத்தில் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். ப்ரோபைப் பேனா பிடிப்பதுபோல் விரல் நுனியால் இறுக்காமல், உள்ளங்கை முழுவதும் படப் பிடியுங்கள். முக்கியமாக, வலியை எழுத்தில் பதிவு செய்யுங்கள், தேதியோடு. பிஸியோதெரபிஸ்டிடம் இந்த மாதமே போங்கள்.

"நான் இடது கைக்காரன். இந்த வேலைக்குச் சரிப்படுமா?"

தாராளமாக. பெரும்பாலான அறைகள் வலது கைக்காரர்களுக்காகவே அடுக்கியிருக்கும், நோயாளியின் வலப்பக்கம் இயந்திரம். வலது கையால்தான் முதலில் பழக வேண்டிவரும். ஆனால் இடது கையால் எக்கோ எடுப்பது பல இடங்களில் வழக்கமே, அங்கே நீங்கள் ராஜா. இரண்டு கையும் வந்துவிட்டால் தோளுக்கும் பாதி ஆயுள் கூடும்.

தோள் வலிக்குப் பிறகுதான் நான் இடது கைக்குப் பழகினேன். முதல் வாரம் ஒரு சிறுநீரகத்தைக் கண்டுபிடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. என்னிடம் படித்துக்கொண்டிருந்த பெண் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் மேலே போங்க மேடம்" என்றாள். போனேன். அங்கேதான் இருந்தது.